அண்டர்குவில்ட் போட்டும் ஹேமக்கில் முதுகு சில்லிடுகிறது. கனம் போதவில்லையா?

இரவுநடை:

வணக்கம் நண்பர்களே. ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டிப் படுக்கும் துணித் தொட்டில்) எனக்குப் புதிதில்லை, குளிர்காலத்தில் அதில் படுப்பதுதான் புதிது. 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே முதுகு தாங்கவில்லை என்பதால் ஹேமக்குக்கு அடியில் தொங்கவிடும் காப்புப் போர்வை, அதாவது அண்டர்குவில்ட் ஒன்று வாங்கினேன். டவுன் (பறவையின் மென்தூவி) அடைத்தது, முக்கால் நீளம், மைனஸ் 7 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. மேலே மைனஸ் 10 ரேட்டிங் உள்ள ஸ்லீப்பிங் பேக்கை ஜிப் திறந்து போர்வை மாதிரி போர்த்திக்கொள்கிறேன். ஹேமக் 11 அடி, ஒற்றைத் துணி.

போன வாரம் வெளியே 2 டிகிரிதான், லேசான காற்று. படுத்த புதிதில் கதகதப்பாகத்தான் இருந்தது. நள்ளிரவு தாண்டியதும் இடுப்புக்குக் கீழே பட்டை போட்ட மாதிரி ஒரு குளிர், அப்புறம் கெண்டைக்காலிலும். நெஞ்சு வியர்க்கிறது, இடுப்பு நடுங்குகிறது. மைனஸ் 7 என்று எழுதியிருக்கும் பொருள் 2 டிகிரியிலேயே ஏன் கைவிடுகிறது? இதைவிடக் கனமானது வாங்கணுமா, இல்லை உள்ளே ஒரு பேட் (முதுகுக்குக் கீழே விரிக்கும் காப்பு மெத்தை) போட்டால் போதுமா? அடுத்த மாதம் இன்னும் உயரமான இடத்துக்குப் போகிறேன், அங்கே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

மரநிழல்:

இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கனம் போதாத மாதிரித் தெரியவில்லை. கனம் குறைவாக இருந்தால் முதுகு முழுக்க ஒரே சீராகக் குளிரும், படுத்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் பட்டையாகக் குளிர்ந்தால், அங்கே ஹேமக் துணிக்கும் குவில்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம்.

அண்டர்குவில்ட் சூடு தருவதில்லை. உங்கள் உடம்புச் சூட்டை அசையாத காற்றில் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுத்தால் முதுகுக்குக் கீழே இருக்கும் டவுன் உங்கள் எடையில் நசுங்கி, துணியும் துணியும் ஒட்டிவிடும். தரையில் அது பெரிதாகத் தெரியாது, கீழே பேட் இருக்கும். ஹேமக்கில் அந்த நசுங்கிய துணிக்கு அடியில் நேராகக் காற்று ஓடுகிறது. அதனால்தான் குவில்டை ஹேமக்குக்கு வெளியே தொங்கவிடுகிறோம். அங்கே அது நசுங்காமல் உப்பி நிற்கும்.

ஆனால் அது முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் இரண்டு விரல் இடைவெளி விழுந்தாலும் உள்ளே இருக்கும் காற்று சுழல ஆரம்பித்துவிடும். சூடான காற்று பக்கவாட்டில் மேலேறி வெளியேறும், அந்த இடத்துக்குக் குளிர்காற்று வரும். இரவு முழுக்க நீங்கள் வெளியுலகத்தைச் சூடாக்கிக்கொண்டு இருப்பீர்கள். மைனஸ் 7 என்ன, மைனஸ் 20 குவில்ட் வாங்கி இதே மாதிரி மாட்டினாலும் இதே இடத்தில் குளிரும்.

எப்படி மாட்டினீர்கள் என்று எழுதுங்கள். எலாஸ்டிக் கயிறு எங்கே கட்டியிருக்கிறது? ஹேமக் காலியாக இருக்கும்போது குவில்ட் எவ்வளவு கீழே தொங்குகிறது?

இரவுநடை:

நன்றி மரநிழல் அண்ணா. ஹேமக்கின் இரண்டு முனைகளிலும் துணி குவிந்து வரும் இடத்தில் கொக்கி மாட்டியிருக்கிறேன். காலியாக இருக்கும்போது குவில்ட் ஒரு கை நீளம் கீழே தொங்கும். படுத்ததும் ஹேமக் இறங்கி அதில் உட்கார்ந்துவிடும் என்று நினைத்தேன். நசுங்கிவிடக் கூடாது என்றுதான் தளர்வாக விட்டேன்.

மரநிழல்:

அதுதான் காரணம். ஒரு கை நீளம் ரொம்ப அதிகம். காலியாக இருக்கும்போதே குவில்ட் ஹேமக்கின் அடித்துணியைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். நீங்கள் படுத்ததும் ஹேமக் கீழே இறங்கும், எலாஸ்டிக் நீளும், குவில்டும் கூடவே இறங்கி முதுகை அணைத்துக்கொள்ளும். எலாஸ்டிக்கின் வேலையே அதுதான்.

சோதிக்க இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. நீங்கள் வழக்கமாகத் தூங்கும் கோணத்தில் சரிந்து படுங்கள். மல்லாந்து நடுக்கோட்டில் படுத்துச் சோதித்தால் பயனில்லை. அவர் பக்கவாட்டில் குவில்டின் விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஹேமக் துணிக்கும் குவில்டுக்கும் நடுவில் நுழைக்கட்டும். இடுப்புக்கு அடியில் போகும்போது கையின் இரு பக்கமும் ஏதோ லேசாகத் தொடுவதை அவர் உணர வேண்டும். கை வெறும் காற்றில் ஆடினால் இடைவெளி. கையை நுழைக்கவே சிரமம் என்றால் இறுக்கம், டவுன் நசுங்குகிறது.

தனியாக இருந்தால் மேலேயிருந்து பக்கவாட்டில் கையைவிட்டு முதுகுப் பக்கம் துழாவலாம். அதைவிட எளிது, படுத்து பத்து நிமிடம் அசையாமல் இருப்பது. நன்றாக மாட்டிய குவில்ட் அதற்குள் முதுகில் வெதுவெதுப்பைக் காட்டிவிடும். காட்டவில்லையா, எழுந்து எலாஸ்டிக்கை இரண்டு விரற்கடை சுருக்குங்கள், திரும்பப் படுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும். நடுராத்திரியில் விறைத்த விரலோடு முடிச்சு தேடுவது நடக்காத காரியம்.

தையல்காரி:

மரநிழல் சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன். அண்டர்குவில்டும், மேலே போர்த்தும் டாப்குவில்டும் எனக்கு நானே தைத்துக்கொள்கிறேன், அதனால் தையல் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலாவது, குவில்டின் இரண்டு முனைகளிலும் சுருக்குக் கயிறு ஓடும். தலைப்பக்கம் ஒன்று, கால்பக்கம் ஒன்று. பலரும் தொங்குகயிற்றை மட்டும் சரி பார்த்துவிட்டு இதை அப்படியே விட்டுவிடுவார்கள். முனை திறந்திருந்தால் அது குழாய் மாதிரி, தலைப்பக்கம் நுழைந்த காற்று கால்பக்கம் போய்விடும். கழுத்துக்கும் முழங்காலுக்கும் பக்கத்தில் வாய் மூடும் அளவுக்குச் சுருக்குங்கள். அதற்கு மேல் இழுத்தால் முனை மேலே ஏறி, நடுவில் குவில்ட் முதுகை விட்டு விலகும். முனையை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று எங்கேயாவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் குவில்டின் உள்துணியும் வெளித்துணியும் ஒரே அகலமா என்று அளந்து பாருங்கள். நல்ல குவில்டில் வெளித்துணி அகலமாக இருக்கும். காரணம் வெறும் கணக்குதான். ஹேமக்கின் அடியில் குவில்ட் வளைந்து கிடக்கிறது. அரைவட்டமாக வளைவதாக வைத்துக்கொண்டால், 5 செ.மீ. கனத்துக்கு வெளி வளைவு உள் வளைவைவிட 5 பெருக்கல் 3.14, அதாவது சுமார் 16 செ.மீ. நீளம். இரண்டு துணியும் ஒரே அளவில் இருந்தால் வெளித்துணி இழுத்துப் பிடித்து டவுனை நசுக்கும், இல்லையென்றால் உள்துணி சுருங்கி மடிப்பு மடிப்பாக நிற்கும். அந்த மடிப்புகள்தான் காற்றுக்கு வாய்க்கால். நிஜத்தில் உடம்பு முழு அரைவட்டம் ஆவதில்லை, அதனால் வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருந்தாலும் போதும். ஆனால் வித்தியாசம் கட்டாயம் வேண்டும். அது இருந்தால்தான் எலாஸ்டிக்கைத் தைரியமாக இறுக்க முடியும்.

கல்மேடு:

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. இவ்வளவு கயிறு, இவ்வளவு சரிபார்ப்பு எதற்கு? ஹேமக்குக்குள் ஒரு ஃபோம் பேட் போட்டால் காற்று, இடைவெளி, முனைச் சுருக்கு எதுவும் கிடையாது. ஃபோம் நசுங்காது, நனைந்தால் துடைத்துவிடலாம். மரம் கிடைக்காத இடத்தில் அதையே தரையில் விரித்துப் படுக்கலாம். அண்டர்குவில்டைத் தரையில் விரித்தால் ஒரு பயனும் இல்லை. பேட்டின் ஆர் மதிப்பை (வெப்பம் வெளியேறாமல் எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) சோதிக்க ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்று 2018-இல் ஒரு பொதுத்தரம் வந்துவிட்டது, எந்த நிறுவனத்தின் பேட்டையும் இன்னொன்றோடு ஒப்பிட முடியும். அண்டர்குவில்டில் ஒவ்வொருவரும் தங்கள் மனதுக்குத் தோன்றிய டிகிரியைப் போடுகிறார்கள்.

மரநிழல்:

கல்மேடு, தரை விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். மரம் வளரும் எல்லையைத் தாண்டி மேலே ஏறும் பயணம் என்றால் நானும் பேட் எடுத்துப் போவேன். ரேட்டிங் பற்றிச் சொன்னதும் சரிதான்.

ஆனால் ஹேமக்குக்குள் பேட் போட்டுப் படுக்கும் எல்லாரும் சொல்லும் புகார் தோள். தரையில் முதுகு மட்டும்தான் கீழே அழுந்தும். ஹேமக்கில் துணி உடம்பைச் சுற்றி ஏறி வருவதால் தோள், புஜம், இடுப்பின் பக்கம் எல்லாமே அழுந்தும். 50 செ.மீ. அகலப் பேட் அதுவரை எட்டாது. தோளுக்குத் தனியாகக் குறுக்கே ஒரு துண்டு ஃபோம் வைக்க வேண்டியிருக்கும். ஒற்றைத் துணி ஹேமக்கில் புரளும்போதெல்லாம் பேட் நழுவும். இரட்டைத் துணி ஹேமக் என்றால் இரண்டுக்கும் நடுவில் செருகலாம், அப்போது பரவாயில்லை. இன்னொன்று வியர்வை. ஃபோம் ஈரத்தை விடாது, விடியும்போது முதுகு நசநசவென்று இருக்கும். அந்த ஈரம் உறைகுளிரில் ஆபத்து.

இரவுநடையிடம் குவில்ட் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சரியாக மாட்டக் கற்றுக்கொண்டால் வேலை முடிந்தது.

கல்மேடு:

ஒற்றைத் துணி ஹேமக் என்பதைக் கவனிக்கவில்லை. அதில் பேட் நழுவும், ஒத்துக்கொள்கிறேன். பிரிட்ஜ் ஹேமக் மாதிரி தட்டையாகக் கிடப்பதில் படுத்துப் பாருங்கள், அதில் பேட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பனிமுகடு:

ரேட்டிங் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இதைப் புரிந்துகொள்ளாமல் உயரமான இடத்துக்குப் போகக் கூடாது.

ஸ்லீப்பிங் பேக்குக்கு 2002-இல் இ.என். 13537 என்ற ஐரோப்பியத் தரம் வந்தது. பிறகு அதன் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 23537 வந்தது. சூடேற்றிய பொம்மையைப் பேக்குக்குள் படுக்க வைத்து, எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று அளப்பார்கள். அந்தப் பொம்மை படுத்திருப்பது பேட்டின் மேல். ஹேமக்கில் தொங்கிக்கொண்டு இல்லை. ஆக உங்கள் மைனஸ் 10 பேக்கின் எண், கீழே நல்ல காப்பு இருக்கிறது என்ற நிபந்தனையோடு வருவது. அதிலும் அது கம்ஃபர்ட் எண்ணா, லிமிட் எண்ணா என்று பாருங்கள். லிமிட் என்பது சுருண்டு படுத்து எப்படியோ சமாளிக்கும் எல்லை, நிம்மதியாகத் தூங்கும் எல்லை இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஐந்தாறு டிகிரி வித்தியாசம் வருவது சாதாரணம்.

அண்டர்குவில்டுக்கு அப்படிப் பொதுவான தரம் இல்லை. அதனால் நான் எண்ணைவிடக் கனத்தை நம்புகிறேன். குவில்டை நன்றாக உதறி, தட்டையாக விரித்து, அரை மணி நேரம் விட்டுவிட்டு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். சுமாராக 4 செ.மீ. உப்பினால் 4, 5 டிகிரி வரை, 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே என்றால் மைனஸ் 7 வரை, 9 செ.மீ. என்றால் மைனஸ் 18 வரை என்பது டவுன் குவில்ட் செய்பவர்கள் பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. உடம்புக்கு உடம்பு மாறும். குளிர் தாங்காதவர் ஐந்து டிகிரி கூட்டியே வாங்க வேண்டும்.

டவுன் பையில் எழுதியிருக்கும் 800, 900 என்பது தரம். 800 என்றால் 28 கிராம் டவுன் 800 கன அங்குலம், அதாவது 13 லிட்டர் இடத்தை நிரப்பும். ஆனால் முதுகுப்பைக்குள் இரண்டு நாள் கசங்கிக் கிடந்த குவில்ட் அந்த உப்பலுக்குத் திரும்ப நேரம் எடுக்கும். தங்கும் இடம் வந்ததும் முதலில் டார்ப் (மேலே கூரை மாதிரி கட்டும் விரிப்பு), அடுத்தது குவில்ட். சமையல் எல்லாம் அப்புறம்.

காட்டுவழி:

கெண்டைக்கால் விஷயத்தை யாரும் தொடவில்லையே. முக்கால் நீளக் குவில்ட் என்பது சுமார் 130 செ.மீ. தோளில் ஆரம்பித்தால் முழங்கால் பக்கத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே உங்கள் காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை, வெறும் நைலான்.

மூன்று வழி உண்டு. காலுக்கு அடியில் உட்காரும் அளவு ஃபோம் துண்டு ஒன்று, பலரும் செய்வது இதுதான். எடை குறைவு, பகலில் உட்காரவும் ஆகும். அல்லது கையில் இருக்கும் தடித்த ஜாக்கெட்டைக் கால் மாட்டில் போடலாம். ஆனால் அது இரவில் தேவைப்பட்டால் எழுந்து தேட வேண்டும். மூன்றாவது, முழு நீளக் குவில்ட். கூடுதல் எடை இருக்கும். மைனஸ் 5க்குக் கீழே அடிக்கடி போகிறவர் முழு நீளத்துக்கே போய்விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். ஃபோம் துண்டுக்கும் குவில்டின் முனைக்கும் நடுவில் ஒரு இடுக்கு எப்போதும் விழும், உறைகுளிரில் அந்த இடுக்கு ஒன்றே தூக்கத்தைக் கெடுக்கப் போதும்.

இன்னொன்று பாருங்கள். நாம் ஹேமக்கில் மூலைவாட்டாகப் படுக்கிறோம், தலை ஒரு பக்கம், கால் எதிர்ப்பக்கம். குவில்ட் நேர்கோட்டில் தொங்குகிறது. அப்படியானால் ஒரு தோளும் எதிர்க்காலும் குவில்டின் விளிம்புக்கு வெளியே போகும். படுத்த பிறகு கையைவிட்டுக் குவில்டைத் தலைப்பக்கம் ஒரு புறமும், கால்பக்கம் மறுபுறமும் இழுத்து உங்கள் கோணத்துக்குச் சாய்த்துவிடுங்கள். எலாஸ்டிக்கில் ஓடும்படி கட்டியிருந்தால் சுலபமாக நகரும்.

ஹேமக்கே ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தொங்கினால்தான் இந்தச் சரிபார்ப்பு நிலைக்கும். ஹேமக்கின் இரு முனைகளையும் மேலே இணைக்கும் ரிட்ஜ்லைன் கயிறு போட்டிருக்கிறீர்களா? 11 அடி ஹேமக்குக்கு நீளத்தில் 83 சதவீதம், அதாவது 2.78 மீட்டர் பக்கம் வைப்பது வழக்கம். மரத்திலிருந்து வரும் பட்டை 30 டிகிரி கோணத்தில் இறங்கட்டும். ரிட்ஜ்லைன் இல்லாமல் ஒரு நாள் இறுக்கியும் ஒரு நாள் தளர்த்தியும் கட்டினால், நேற்று பொருந்திய குவில்ட் இன்று பொருந்தாது.

இரவுநடை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு வெளியே 4 டிகிரி இருக்கும்போது கட்டிப் பார்த்தேன். குவில்டை ஹேமக்கைத் தொடும் அளவுக்குத் தூக்கினேன், முனைகளைச் சுருக்கினேன். தம்பியை விட்டு அந்த உள்ளங்கைச் சோதனையும் செய்தாயிற்று. முதலில் இடுப்பில் கை சுலபமாகப் போய் வந்தது, எலாஸ்டிக்கை இரண்டு தடவை சுருக்கிய பிறகுதான் இரு பக்கமும் தொட்டது. பத்து நிமிடத்தில் முதுகு சூடேறியது நன்றாகவே தெரிந்தது. கனத்தையும் அளந்தேன், 6 செ.மீ. இருக்கிறது.

கெண்டைக்காலுக்கு ஃபோம் துண்டு வைத்தேன், குளிர் குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. ரிட்ஜ்லைன் இல்லை, கட்டப் போகிறேன். இப்போது இரண்டு கேள்வி. காற்று அடித்தபோது அடியில் சில்லென்று ஏறியது, அதற்கு அண்டர்குவில்ட் ப்ரொடெக்டர் என்று ஒன்று விற்கிறார்களே, அது அவசியமா? மழை, பனி என்றால் டவுன் நம்பலாமா?

தையல்காரி:

டவுன், சிந்தெடிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஒரே சூட்டுக்கு டவுன் எடை குறைவு, சின்னதாகச் சுருங்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் உழைக்கும். நனைந்தால் கொத்துக் கொத்தாக ஒட்டி உப்பல் போய்விடும், காய நாளாகும். நீர் ஒட்டாத பூச்சு கொடுத்த டவுன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் ஊறிவிட்டால் அதுவும் அதே கதிதான். சிந்தெடிக் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், பிழிந்து உதறினால் சீக்கிரம் காயும். ஆனால் எடை, பருமன் இரண்டும் கூடுதல், மடித்து மடித்து வைக்க வைக்க உப்பல் குறைந்துகொண்டே போகும்.

ஹேமக்கில் ஒரு வசதி, குவில்ட் தரையில் படுவதில்லை, மேலே டார்ப் இருக்கிறது. டார்ப் ஒழுங்காக இருந்தால் டவுன் போதும். வாரக்கணக்கில் ஈரக்காற்றில் நடக்கும் பயணம் என்றால் சிந்தெடிக் பக்கம் போவேன்.

சொந்தமாகத் தைக்க ஆசை இருப்பவர்கள் சிந்தெடிக்கில் ஆரம்பியுங்கள். கிளைமாஷீல்ட் அபெக்ஸ் மாதிரி தொடர் இழையில் வரும் விரிப்பு இதற்கென்றே பிறந்தது. நடுவில் கட்டம் கட்டமாகத் தைக்கவே வேண்டாம், நான்கு ஓரமும் தைத்தால் போதும், இழை நகராது. நடுவில் தையல் இல்லாததால் ஊசி போன வழியாகக் குளிர் ஏறும் பிரச்சினையும் இல்லை. சதுர மீட்டருக்கு 170 கிராம் விரிப்பை பூஜ்யத்தை ஒட்டிய இரவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். முக்கால் நீளத்துக்கு ஒன்றரை சதுர மீட்டர் போதும், ஆக விரிப்பு மட்டும் 255 கிராம். இரண்டு பக்கமும் மெல்லிய, எளிதில் கிழியாத 20டி ரிப்ஸ்டாப் நைலான். நீள ஓரங்களில் எலாஸ்டிக் ஓட ஒரு விரல் அகல மடிப்பு, முனைகளில் சுருக்குக் கயிற்றுக்கு ஒரு மடிப்பு. ஓரம் அடிக்கும்போது விரிப்பை இழுக்காதீர்கள், இழுத்துத் தைத்தால் ஓரம் மெலிந்து அங்கேயே குளிரும். துணிக்கவ்விகள் போட்டுப் பிடித்து, மிஷின் தன் போக்கில் இழுத்துக்கொள்ள விடுங்கள்.

காட்டுவழி:

ப்ரொடெக்டர் பற்றி: முதலில் டார்ப். டார்ப் உயரத்தில் இருந்தால் காற்று நேராக அடியில் பாயும், எந்தக் குவில்டும் அந்தக் காற்றைச் சமாளிக்காது. காற்று வரும் பக்கம் டார்பின் விளிம்பைத் தரைக்கு அருகே இறக்கிக் கட்டுங்கள். முனைகளில் கதவு வைத்த டார்ப் என்றால் மூடிவிடலாம். அதன் பிறகும் தேவைப்பட்டால் ப்ரொடெக்டர். மெல்லிய துணியில் குவில்டுக்கு வெளியே தொட்டில் மாதிரி தொங்கும், காற்றையும் சாரலையும் தடுக்கும். மூச்சுவிடும் துணியாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் பூச்சு போட்டது என்றால் உங்கள் உடம்பு ஈரம் வெளியே போக வழியில்லாமல் அதன் உள்பக்கம் பனியாகப் படியும், விடிந்ததும் உருகி டவுனிலேயே இறங்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் பாதி வேலை. இரவில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும். ஓடையோரம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அங்கேதான் குளிரும் ஈரமும் அதிகம். கொஞ்சம் மேலே ஏறி, முகட்டுக்கும் போகாமல், மரம் அடர்ந்த சரிவின் நடுவில் கட்டுங்கள்.

பனிமுகடு:

பூஜ்யத்துக்குக் கீழே போகிறீர்கள் என்பதால் ஈரத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். முகத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு மூச்சுவிடாதீர்கள். அந்த ஈரம் எல்லாம் டவுனில் போய் உட்காரும், இரண்டாவது இரவில் போர்வை மெலிந்துவிடும். தலைக்கு நல்ல குல்லா, கழுத்துக்குத் துணி, மூக்கு வெளியே. வியர்க்கும் அளவுக்குப் போர்த்தாதீர்கள். நெஞ்சு வியர்க்கிறது என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள், கீழே குளிர்கிறதே என்று மேலே கூட்டினால் நடப்பது அதுதான்.

படுக்கும் முன் ஒரு லிட்டர் வெந்நீரைக் கசியாத பாட்டிலில் ஊற்றி, சாக்ஸுக்குள் போட்டு, தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீர் 60 டிகிரியிலிருந்து 30க்கு இறங்கும்போது சுமார் 125 கிலோஜூல் வெப்பம் தரும். நான்கு மணி நேரத்துக்குப் பரப்பினால் 8, 9 வாட். தூங்கும் உடம்பு விடும் வெப்பம் 70, 80 வாட் பக்கம் இருக்கும், ஆகப் பத்தில் ஒரு பங்குக்கு மேலே கூடுதல். குறைவாகத் தோன்றலாம், நள்ளிரவு தாண்டி உடம்பு தாழும் நேரத்தில் அது நன்றாகவே தெரியும். மூடியைத் தலைகீழாகப் பிடித்துச் சோதித்த பிறகு வையுங்கள்.

ஹேமக்குக்கு அடியில் அடுப்போ மெழுகுவத்தியோ வைப்பதை யாராவது பரிந்துரைத்தால் கேட்காதீர்கள். நைலான் நொடியில் உருகும். டார்பை நாலு பக்கமும் மூடிவிட்டு உள்ளே எரித்தால் கார்பன் மோனாக்சைடு, அது தூக்கத்திலேயே ஆளை முடிக்கும்.

இரவுநடை:

தெளிவாகப் புரிந்தது. அப்படியானால் திட்டம் இது: இதே குவில்ட், ரிட்ஜ்லைன், டார்பை இறக்கிக் கட்டுவது, காலுக்கு ஃபோம், வெந்நீர் பாட்டில். மைனஸ் 3 வரை இறங்கும் என்கிறார்கள். போதுமா?

மரநிழல்:

போதும், ஒரு நிபந்தனையோடு. கால் மாட்டுத் துண்டுக்குப் பதிலாக முழு நீள ஃபோம் பேட் ஒன்றை எடுத்துப் போங்கள். மடித்து வைக்கும் ஃபோம் பேட்டுகளின் ஆர் மதிப்பு பெரும்பாலும் 2 பக்கம் இருக்கும். இரவில் கால் மாட்டில் மடித்துப் போடலாம், இடுக்கும் விழாது. கயிறு அறுந்தாலோ, குவில்ட் நனைந்தாலோ, மரமே கிடைக்காவிட்டாலோ அதை விரித்துத் தரையில் டார்புக்கு அடியில் படுத்துவிடலாம். கல்மேடு ஆரம்பத்தில் சொன்னதில் நான் மறுக்காத பகுதி இதுதான்.

எப்போது இறங்குவது என்பதைப் படுக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். நடுக்கம் வந்தால் உடனே எழுந்து ஏதாவது சாப்பிடுங்கள், கைகால் அசையுங்கள், குவில்டைச் சரி பாருங்கள். அரை மணியில் நடுக்கம் நிற்கவில்லை என்றால் ஹேமக்கை விட்டுவிட்டுத் தரைக்கு வாருங்கள், இருக்கும் துணி எல்லாவற்றையும் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. பேச்சு குழறுவது, ஜிப் போட முடியாமல் விரல் தடுமாறுவது, சூடாகாமலே நடுக்கம் நின்றுவிடுவது எல்லாம் அதற்கு அடையாளம். கூட வருபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், குழறுகிறவருக்குத் தான் குழறுவது தெரியாது.

கல்மேடு:

மரநிழல் சொன்ன பேட் யோசனைக்கு என் முழு ஆதரவு. ஒரு சின்ன விஷயம், எலாஸ்டிக் கயிறு உறைகுளிரில் விறைத்து இழுப்பு குறையும். 4 டிகிரியில் சரிபார்த்த நீளம் மைனஸ் 3இல் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே போய் ஒருமுறை படுத்துப் பார்த்துச் சரி செய்யுங்கள். முடிச்சுக்குப் பதில் இழுத்தால் நிற்கும் கார்டு லாக் போட்டால் கையுறையோடே சுருக்கலாம்.

தையல்காரி:

கார்டு லாக்கைத் தலைப்பக்கம் வையுங்கள், படுத்தபடியே கை எட்டும். திரும்பி வந்ததும் குவில்டைச் சின்னப் பைக்குள் அடைத்து வைக்காதீர்கள், பெரிய பருத்திப் பையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். துவைக்கும் நாள் வந்தால் இங்கேயே கேளுங்கள், டவுனுக்கென்று தனி சோப்பு, குறைந்த சூடு, முழுக்க உலர எத்தனை சுற்று என்று விவரமாக எழுதுகிறேன்.